சாட்சி இல்லாத ஊரில் சமாதானம் இல்லை



தபசு காலத்தின் ஐந்தாம் வாரத்துத் திங்கட்கிழமையன்று திருச்சபை நமக்கு ஒரு நீண்ட வாசகத்தைத் தருகின்றது. தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாளின் சரித்திரமே அது. வாசகம் நீண்டது என்பதற்காக நம்மில் பலர் அதை அரைக் காதால் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். ஆயினும் சமாதானம், நீதி, நம்பத்தக்க பொது நிறுவனங்கள் என்று உலகம் முழுவதும் இன்று பேசப்படும் பெரிய காரியங்களின் வேர் அந்தச் சரித்திரத்தில் இருக்கின்றது.

பபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களுக்குள் சூசன்னாள் என்னும் தெய்வபயமுள்ள பெண் ஒருத்தி வாழ்ந்தாள். அவ்வாண்டு நீதிபதிகளாக நியமிக்கப்பட்ட முதியவர் இருவர் அவள்மேல் தீய ஆசை கொண்டார்கள். அவள் இணங்க மறுத்தாள். உடனே அவர்கள், அவள் ஒரு வாலிபனோடு பாவம் செய்ததைத் தாங்களே கண்டதாகச் சபைமுன் சாட்சி சொன்னார்கள். சொன்னவர்கள் முதியவர்கள், அதிலும் நீதிபதிகள். எனவே சனங்கள் நம்பினார்கள். மரணத் தீர்வை ஆயிற்று. அவளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தானியேல் என்னும் இளைஞன், இந்த இரத்தப்பழியில் தனக்குப் பங்கில்லை என்று உரத்துக் கூவினான்.

தானியேல் அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். அவன் கல்லைக் கையில் எடுக்கவில்லை. நீதிபதிகள் கெட்டுப்போனார்கள், ஆகையால் நீதிமன்றமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாரையும் நீதிமன்றத்துக்கே திரும்பி வரச் செய்தான். இரண்டு சாட்சிகளையும் வேறு வேறாக நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டாய் என்று ஒரே கேள்வியைக் கேட்டான். ஒருவன் ஒரு மரத்தைச் சொன்னான். மற்றவன் வேறொரு மரத்தைச் சொன்னான். பொய் வெளிப்பட்டது, குற்றமற்றவள் பிழைத்தாள். இன்றும் நம் நீதிமன்றங்களில் ஒரு சாட்சி பேசும்போது மற்றச் சாட்சிகளை வெளியே இருக்கும்படி சொல்வதன் கருத்து இதுவே.

கெட்டுப்போன நீதிமன்றத்தைத் திருத்தியது உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரு குரலும், அதைக் கேட்டுத் திரும்பிவந்த ஒரு சனக்கூட்டமும் ஆகும். இந்தப் பாடத்தை நம்முடைய தீவகம் மிகுந்த கண்ணீரோடு கற்றிருக்கின்றது.

புங்குடுதீவின் கண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகச் சென்று, கடலின் நடுவே நீண்டு கிடக்கும் வாணர் பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. இறுப்பிட்டி, மடத்துவெளி, ஊரதீவு, வல்லன், பெருங்காடு, குறிகட்டுவான் என்று பல குறிச்சிகளைக் கொண்ட தீவு. ஒரு காலத்தில் சனம் நிறைந்து வாழ்ந்த ஊர். போர்க்காலத்தில் பெருந்தொகையானோர் வெளியேறிக் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கொழும்பிலும் குடியேறியபின், பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் அங்கே பெருகின.

2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி காலை, அத்தீவில் பள்ளிக்கூடம் போகச் சைக்கிளில் புறப்பட்ட மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாள் பற்றைக்குள் அவளுடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை இங்கே விவரிப்பது அவளுடைய மானத்துக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவள் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை; அதுவே போதும்.

வடபகுதி முழுவதும் கொதித்தெழுந்தது. இறுப்பிட்டி முதல் குறிகட்டுவான் வரை ஊர்ச்சனம் வீதிக்கு வந்தது. கொதிப்பை இன்னும் மூட்டிய காரியம் ஒன்று நடந்தது. ஊரவர் பிடித்து வைத்த சந்தேகநபர் ஒருவர் பொலிஸாரின் கையிலிருந்து நழுவிக் கொழும்புக்குச் சென்றுவிட்டார். பின்னரே வெள்ளவத்தையில் பிடிபட்டார். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு ஒரு சட்டம், ஏழை வீட்டுப் பெண்பிள்ளைக்கு வேறொரு சட்டமோ என்று சனங்கள் கேட்டார்கள். மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மீது கற்கள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

அந்தக் கல்லெறி சரியானதன்று. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கண்டிப்பது இலகுவான காரியம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2006 மே 13ஆம் திகதி அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலும் குழந்தைகள் உட்பட 13 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் திகதி, அடைக்கலம் தேடிச் சனங்கள் தங்கியிருந்த அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் எறிகணைகள் வீழ்ந்தன. காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடித் திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், ஒரு வாரம் கழித்து 20ஆம் திகதி, தம்முடன் சென்ற பொதுநிலையினர் ஒருவரோடு காணாமற் போனார். இன்றுவரை நம் மறைமாவட்டத்துக்கு மறுமொழி கிடைக்கவில்லை. தேவமாதாவுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட மே மாதம் தீவக மக்களுக்கு அழுகையின் மாதமுமாயிற்று.

முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தின் படியேறி வெறுங்கையோடு திரும்பிய சனம் நீதிமன்றத்தை நம்பாமற் போனது புதுமையா? கல் எறிந்த கைகளில் அந்த முப்பது ஆண்டுகளும் இருந்தன.

திரும்பி வந்த சனம்

எனினும் இந்த முறை கதை அங்கே முடியவில்லை. யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அடங்கிய விசேட நீதிமன்றம் அமர்ந்தது. கல் எறிந்த அதே சனம் சாட்சி சொல்ல வந்தது. மகளை இழந்த தாயும் சாட்சிக் கூண்டில் நின்றார். இழந்த பிள்ளையின் உடைமைகளை அன்னியர் முன்னிலையில் பார்த்து, இது என் பிள்ளையுடையது என்று சொல்வது எவ்வளவு கொடியது என்பதைத் தாய்மாரே அறிவர். ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில், குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் உறவினரோடு நாளும் முகம்பார்த்து வாழவேண்டிய அயலவர்கள் வந்து தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. ஏழு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். இரண்டு பேர் விடுதலை செய்யப்பட்டார்கள்.

அந்த இருவரின் விடுதலையையும் நாம் மறந்துவிடலாகாது. ஒன்பது பேரையும் தண்டிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் எதிர்பார்த்திருந்த வேளையில், சாட்சியம் போதாத இடத்தில் விடுதலை செய்வதற்கும் அந்த நீதிமன்றம் அஞ்சவில்லை. சனத்தின் கோபத்துக்கு முன்னும் அதிகாரத்தின் அழுத்தத்துக்கு முன்னும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருப்பதே நம்பத்தக்க நீதிமன்றத்தின் அடையாளம்.

அன்று ஏழு பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கையில் 1976ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2018இல் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று போதித்தார். இந்தப் போதனை புங்குடுதீவுத் தாயின் முன்னால் நின்று சொல்வதற்கு இலகுவானதன்று. ஆயினும் குற்றவாளியைச் சமுதாயத்திலிருந்து விலக்கிவைத்துத் தண்டிப்பது நீதி. அவன் மனந்திரும்பும் காலத்தை அவனிடமிருந்து பறிப்பது நம் கையில் தரப்பட்ட அதிகாரமன்று. கொடியவனுக்கும் இந்த எல்லையைக் காக்கும்போதுதான் நீதி பழிவாங்கலிலிருந்து வேறுபடுகின்றது.

ஒரே சீருடை, இரண்டு மனிதர்

இவ்வழக்கை ஒட்டிய இரண்டு மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒருவர் வடபகுதியில் மிக உயர்ந்த பதவியில் இருந்த சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர். சந்தேகநபர் தப்பிச் செல்ல உதவிய குற்றத்துக்காக 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றம் நடந்து பத்தாண்டுகள் ஆகும் தறுவாயில் அத்தீர்ப்பு வந்தது. தாமதமானாலும் வந்தது.

மற்றவர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர. அவ்வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான மாணிக்கவாசகர் இளஞ்செழியன் அவர்களின் மெய்ப்பாதுகாவலர். விசாரணை நடந்துகொண்டிருந்த நாட்களில், 2017 ஜூலை 22ஆம் திகதி, நல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் படுகாயமடைந்து மறுநாள் உயிர்நீத்தார். அச்சூட்டின் நோக்கம் எதுவாயினும், தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட மனிதரைக் காக்கும் கடமையில் நின்றபடியே அவர் மாண்டார். அவர் சிங்களவர், நீதிபதி தமிழர். இறந்தவரின் மனைவியின் கால்களில் விழுந்து அந்த நீதிபதி அழுததை நாடே பார்த்தது.

இருவரும் அணிந்தது ஒரே சீருடை. இருவரும் எடுத்தது ஒரே பிரமாணம். பொலிஸ் என்றால் இப்படித்தான், அரசாங்கம் என்றால் இப்படித்தான், சிங்களவர் என்றால் இப்படித்தான், தமிழர் என்றால் இப்படித்தான் என்று மொத்தமாகப் பேசும் நாக்குகளுக்கு இந்த இரு மனிதரும் மறுமொழி. நிறுவனம் என்பது கட்டடமும் இலச்சினையும் மட்டுமன்று. அதற்குள் இருக்கும் மனிதருடைய மனச்சாட்சியாலேயே அது நிற்கின்றது அல்லது விழுகின்றது.

கதவைத் தட்டும் கைம்பெண்

ஒரு வழக்கில் நீதி கிடைத்ததால் எல்லாம் சரியாயிற்று என்று சொல்வோமானால், நாமும் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஆவோம். புங்குடுதீவு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சாதாரண மனிதர்கள். குமுதினிப் படகிலும் அல்லைப்பிட்டியிலும் விரல் நீண்டது ஆயுதம் தாங்கிய அரச படையினரை நோக்கி. எங்கே அரசே கூண்டில் நிற்கவேண்டுமோ, அங்கே நிறுவனங்கள் ஊமையாகிவிடுகின்றன.

புனித லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதி ஒருவன். தனக்கு நீதி வேண்டும் என்று நாளும் அவன் வாசலுக்கு வந்த கைம்பெண் ஒருத்தி. அவளிடம் பணமில்லை, ஆள்பலமில்லை. அவள் திரும்பத் திரும்ப வந்தாள்; அது ஒன்றே அவளுடைய பலம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை எண்ணும்போதெல்லாம் இந்த உவமை நம் கண்முன் நடப்பதுபோல் இருக்கின்றது. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அலுவலகம் வந்தது, பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு மறுமொழி வரவில்லை. எத்தனையோ தாய்மார் காத்திருந்தபடியே கண்மூடிவிட்டார்கள். அவர்களுடைய விடாமுயற்சியைத் தொந்தரவு என்று சொல்பவர்கள், அந்த உவமையில் தாங்கள் எந்த ஆசனத்தில் இருக்கிறோம் என்று சிந்திக்கக் கடவர்.

வலியவர்களையும் சட்டம் எட்டிப் பிடிக்கக்கூடும் என்பதற்கும் நம் நாட்டிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களும் குருக்களும் பிறரும் தொடுத்த வழக்குகளில், முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்ட ஈடு செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. சதியின் முழு உண்மையும் அத்தீர்ப்பினால் வெளிவந்துவிடவில்லை. ஆயினும் நாட்டின் மிகப் பெரிய கதிரையில் இருந்தவரும் கணக்குக் கொடுக்க வேண்டியவரே என்பது எழுத்தில் பதிந்தது.

உலகம் நடக்கும் வழி

புங்குடுதீவில் அந்தப் பிள்ளை கொல்லப்பட்ட அதே 2015ஆம் ஆண்டு, செப்ரெம்பர் மாதத்தில், உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் கூடி 2030ஆம் ஆண்டுக்குள் அடையவேண்டிய 17 இலக்குகளை வகுத்தன. அவற்றுள் 16ஆவது இலக்கு சமாதானம், நீதி, பலமான நிறுவனங்கள் என்பது. எல்லாருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு, இலஞ்சத்தைக் குறைத்தல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்புப் பதிவு என்பன அதில் அடங்கும். 1963இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் நல்மனமுள்ள மாந்தர் யாவருக்கும் வரைந்த சுற்றுமடலில், சமாதானம் உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் என்னும் நான்கு தூண்களில் நிற்பது என்று போதித்திருந்தார். நாடுகளின் தீர்மானம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே திருச்சபை தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த பாடம் இது.

இந்த நான்கில் உண்மை முதலில் நிற்பதன் காரணத்தை மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நமக்குக் கற்றுத்தருகின்றது. 1960 முதல் 1996 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமற் போயோ இருப்பர் என்று கணக்கிடப்பட்டது. ஆயர் யுவான் ஹெரார்தி தலைமையில் திருச்சபை ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. பங்குகளிலிருந்து சாதாரண பொதுநிலையினர் கிராமம் கிராமமாகச் சென்று, மக்களுடைய சொந்த மொழியிலேயே ஆயிரக்கணக்கான சாட்சியங்களைக் கேட்டு எழுதினார்கள். 1998 ஏப்பிரல் 24ஆம் திகதி அந்த அறிக்கை வெளியிடப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து ஆயர் தம் இல்லத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். ஆனால் சாட்சியம் சாகவில்லை. 2001இல் மூன்று இராணுவத்தினர் அக்கொலைக்காகச் சிவில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களோடு உடந்தையாக இருந்ததாக ஒரு குருவும் தண்டிக்கப்பட்டார். இதையும் மறைக்காமல் சொல்வதே உண்மைக்கு நாம் செய்யும் மரியாதை.

ஏனெனில், திருச்சபையும் மனிதர் கூடிய ஒரு நிறுவனமே. சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாவங்களைப் பல நாடுகளில் மறைத்து வைத்ததனால் அது இழந்த நம்பிக்கை கொஞ்சமன்று. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகைய குற்றத்தை அறிந்த குருக்களும் துறவியரும் அதை முறையாக அறிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றினார். நாட்டைப் பார்த்து நீதி கேட்பவர்கள் தம் முற்றத்தையும் கூட்டிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

அன்பானவர்களே, உலகத்தின் நிறுவனங்களைத் திருத்த நம்மால் என்ன முடியும் என்று கேட்கலாம். பத்துக் கட்டளைகளில் எட்டாவது பொய்ச்சாட்சியைத் தடுக்கின்றது. நீதிமன்றங்களும் கந்தோர்களும் இந்த ஒரே கட்டளையின்மேல் கட்டப்பட்டவை. அதைக் காப்பதும் உடைப்பதும் நம் வீடுகளில்தான் தொடங்குகின்றன.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய வளவை அபகரிப்பதற்காக எழுதப்படும் கள்ள உறுதிக்குச் சாட்சிக் கையொப்பம் வைக்கச் சொல்லி அயலவன் ஒருவன் வருகிறான். ஒரு கையொப்பம்தானே என்று வைக்கிறோமா? கந்தோரில் நம் கோவை முன்னே நகர்வதற்காக மேசைக்குக் கீழே கை நீட்டுகிறோமா? ஆலயத் திருநாளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்குப் பங்குமக்கள் முன் கணக்கு வாசிக்கிறோமா? அல்லது கணக்குக் கேட்டவனைக் குழப்பக்காரன் என்று ஒதுக்குகிறோமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண்பிள்ளை தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லும்போது, குடும்ப மானம் போய்விடும், ஊர்ப்பெயர் கெட்டுவிடும் என்று அவளுடைய வாயை மூடுகிறோமா? சூசன்னாளின் காலத்தில் முதியவர்களின் மதிப்பை நம்பிய சனம் அவளைக் கொல்லப் பார்த்தது. நம் காலத்தில் மதிப்புள்ளவர்களைக் காப்பாற்றும் மௌனம் அதே வேலையைச் செய்கின்றது. அந்த மௌனத்துக்குச் சமாதானம் என்று பெயர் வைக்க நமக்கு உரிமையில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதற்கு 2015இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. 2023இல் அது புதுச் சட்டமாக விரிவுபெற்றது. சட்டம் காக்கும் முன்னர், உண்மை சொன்னவளைச் சுற்றி நின்று அயலும் பங்கும் காக்கவேண்டும். அவளோடு நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாமியும் ஒரு ஆசிரியையும் ஒரு கன்னியரும் முன்வருவார்களாயின், அதுவே அந்தப் பங்கு அவ்வாரம் செய்த மிகப் பெரிய செபம்.

பெற்றோரே, இவ்வாரம் செபமாலைக்குப் பின் பிள்ளைகளோடு தானியேல் ஆகமம் 13ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்தக் கூட்டத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். நாளைக்குப் பொலிஸ் உத்தியோகத்தராக, எழுதுவினைஞராக, சட்டத்தரணியாக, குருவாகப் போகிறவன் அந்தப் பாயில்தான் இருக்கிறான்.

செபிப்போமாக: நீதியின் ஆண்டவரே, தீவகத்தில் சிந்தப்பட்ட கண்ணீரை நீர் அறிவீர். இன்னும் மறுமொழி கிடையாத தாய்மாரைத் தேற்றியருளும். நீதியாசனத்தில் இருப்போருக்கு அச்சமற்ற மனதைத் தாரும். சீருடை அணிந்தோருக்குத் தாம் எடுத்த பிரமாணத்தை நினைவூட்டும். கண்டதைக் கண்டபடி சொல்லும் நாவை எங்களுக்குத் தாரும். உண்மை சொன்னவர்களைத் தனியே விட்டுவிடாத ஊராக எங்கள் ஊரை ஆக்கியருளும். ஆமென்.